இரவில் நங்கூரம் யார் பொறுப்பு? பாய்ப்படகு வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஒரு படம் அனுப்பினான். நீலக் கடலில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டமரான், இரட்டை உடல் பாய்ப்படகு. முன்பக்க வலையில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். கீழே ஒரு வரி: "மச்சான், இதை புக் பண்ணட்டோ? எட்டுப் பேர், கிரீஸ், ஒரு கிழமை."

நான் ஒரேயொரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன். "ராத்திரி ரெண்டு மணிக்குக் காத்து மாறினால் ஆர் எழும்பி நங்கூரத்தைப் பாக்கிறது?"

அரை மணி நேரமாகப் பதில் இல்லை. பிறகு அவனே தொலைபேசி எடுத்தான். ஒன்றரை மணி நேரம் கதைத்தோம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாய்ப்படகில் விடுமுறை போக ஆசைப்படுகிற நம்மவர்கள் பலர் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எத்தனை அடி, எத்தனை அறை, எந்த வருடம் கட்டியது என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். எந்த வகை வாடகை என்பது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். அந்தக் கிழமை நல்லபடி போகுமா போகாதா என்பது அந்தப் பெட்டியைப் பொறுத்தது. 2013-லிருந்து நான்கு வகையில் போயிருக்கிறேன், எல்லாம் சொந்தக் காசில். நிறுவனங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வகைகளைத்தான் மதிப்பிடுகிறேன்.

முதலில் போனது துருக்கிக்கு, குலெட் என்கிற மரக்கப்பலில். அம்மாவுக்கு அப்போது 68 வயது, முழங்கால் வருத்தம். மகளுக்கு ஆறு வயது. ஃபெத்தியேயிலிருந்து டெம்ரே வரை நான்கு பகல், மூன்று இரவு. முழுக் கப்பலையும் எடுக்கத் தேவையில்லை, அறை அறையாக விற்பார்கள். இரண்டு அறை எடுத்தோம். கப்பித்தான், சமையற்காரர், ஒரு பெடியன் என்று மூன்று பேர் கப்பலைப் பார்த்துக்கொண்டார்கள். பின்தளத்தில் அகலமான மெத்தைகள். அம்மா காலையில் போய் இருந்தால் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும்தான் எழும்புவார். கத்தரிக்காயும் தயிரும், தக்காளிச் சோறு, சுட்ட மீன் என்று சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கெக்கோவாவில் பழைய லிசிய நகரம் நிலநடுக்கத்தில் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. கப்பல் மெதுவாக அதன் ஓரமாகப் போனபோது கல்படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் போவதை அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனால் நான்கு நாளில் பாய் விரித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் எஞ்சின்தான். பெரும்பாலான குலெட்டுகள் அப்படித்தான் ஓடுகின்றன. அது அவர்கள் ஏமாற்றுவது இல்லை. கடற்கரையை ஒட்டி, குடாவுக்குக் குடா நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் எஞ்சின் வேண்டும். அம்மாதான் ஒவ்வொரு காலையும் கேட்பார்: "தம்பி, இண்டைக்காவது பாய் விரிப்பினமோ?"

அம்மா வல்வெட்டித்துறை. அம்மாவின் தகப்பனார் பாய்க்கப்பலில் தண்டையலாக, அதாவது கப்பல் தலைவராக, ரங்கூன் வரை போய்வந்தவர். அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி'யை ஒரு அமெரிக்கர் வாங்கி, ஊர் மாலுமிகளே ஓட்டிப்போய் 1938-ல் மாசசூசெற்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த கதையை அம்மா எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு நாள் டீசல் மணத்தில் வைத்திருந்தேனே என்று எனக்கு மனம் கஷ்டப்பட்டது. கடலும் குளிப்பும் ஆறுதலும் போதும், வயதானவர்கள் இருக்கிறார்கள், யாருக்கும் படகோட்டத் தெரியாது என்றால் குலெட் மிக நல்ல தெரிவு. பாய்தான் வேண்டும் என்றால் இது இல்லை. இன்னொன்று, பக்கத்து அறைக்காரர் யார் என்பது உங்கள் கையில் இல்லை. எங்களுடன் வந்த ஒரு கூட்டம் இரவு ஒரு மணி வரைக்கும் பாட்டுப் போட்டது. குடிவகை, சோடாவுக்கெல்லாம் கடைசி நாளில் தனி பில்.

2017-ல் இரண்டு குடும்பமாகக் கிரேக்கத்தின் மேற்குக் கரைக்கு, அயோனியக் கடலுக்குப் போனோம். லண்டனிலிருந்து பிரெவெசாவுக்கு நேரே விமானம். அங்கிருந்து டாக்ஸியில் அரை மணி நேரத்தில் லெஃப்காடா. லெஃப்காடா தீவுதான், ஆனால் ஒரு மிதவைப் பாலம் அதைத் தரையோடு இணைக்கிறது. படகுகளுக்கு வழிவிட அந்தப் பாலம் நேரத்துக்கு நேரம் திறக்கும். இம்முறை நான்கு அறையுள்ள 45 அடிப் படகும், கூடவே அதை ஓட்ட ஒரு ஸ்கிப்பரும். படகு வாடகை தனி, ஸ்கிப்பருக்கு நாளொன்றுக்கு 180 யூரோ தனி. இப்போது 200-க்கு மேல் கேட்கிறார்கள். அவருடைய சாப்பாடும் நம்முடைய பொறுப்பு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எட்டுப் பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால் ஸ்கிப்பரும் அந்த எட்டில் ஒருவர். அவருக்கு ஒரு அறை கொடுக்க வேண்டும். நாங்கள் ஏழு பேர். கணக்குச் சரி என்று நினைத்துப் போனோம். ஆனால் ஏழு பேரை மூன்று அறைக்குள் எப்படிப் போடுவது? மச்சினன் நடு மண்டபத்தில் மேசையை இறக்கி அதன்மேல் ஏழு இரவும் படுத்தான். அதனால், ஸ்கிப்பரோடு போகிறவர்கள் ஆட்களை எண்ணும்போது அவரையும் சேர்த்து அறைகளை எண்ணுங்கள், படுக்கைகளை எண்ணாதீர்கள்.

அந்த ஸ்கிப்பருக்கு அறுபது வயதிருக்கும், பிரெவெசாக்காரர். ஏறியவுடன் யாருக்கு நீந்தத் தெரியாது என்று கேட்டார். அடுத்ததாக, யாருக்குப் பழக விருப்பம் என்று கேட்டார். மகள் கையைத் தூக்கினாள், பார்த்துவிட்டு நானும் தூக்கினேன். அன்றிலிருந்து மகளும் நானும் மாறி மாறிச் சுக்கான் பிடித்தோம். அயோனியக் கடலின் காற்று ஒழுங்கானது. காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல இருக்கும். மதியம் கழிய வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ என்று அவர்கள் சொல்கிற காற்று எழும்பும், மாலை மங்க அடங்கிவிடும். அவர் காலையில் எங்களைக் குளிக்க விட்டுவிட்டு, ஒன்றரை மணியானதும் தண்ணீரின் நிறம் தூரத்தில் கறுப்பதைக் காட்டுவார். அந்தக் கறுப்புக் கோடு எங்களை வந்து தொட்டதும் எஞ்சினை நிறுத்துவார். சத்தம் நின்று படகு ஒரு பக்கம் சரிந்து தானாக ஓடத் தொடங்குகிற அந்த நொடி, வாடகை முழுவதுக்கும் பெறுமதி.

ஒருநாள் மனைவி கடலைப் பருப்பை அவித்து வெங்காயம் தாளித்துக் கொட்டினாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு "ஃபாவா!" என்றார். மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து எண்ணெயும் வெங்காயமும் போட்டு அவர்கள் செய்கிற சாப்பாடு அது. பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அவருக்கு அதுதான்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது வேறொரு இரவைப் பற்றி. கலமோஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்தோம். மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினால், அவர் பின்தளத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருக்கிறார். சிகரெட் நுனி மட்டும் தெரிகிறது. கரையில் ஒரு வீட்டு விளக்கையும் அதற்கு மேலே இருந்த தேவாலய விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் படகு நகரவில்லை. என்னைக் கண்டதும் போய்ப் படு என்று கையால் காட்டினார். நான் போய் நிம்மதியாகத் தூங்கினேன். 180 யூரோ எதற்கு என்று அப்போது விளங்கியது.

திரும்பி வந்த பிறகு மகள் கேட்டாள்: "அப்பா, எங்கட ஊர் ஆக்கள் எல்லாம் கடலோடிகள் எண்டு சொல்லுவீங்களே, நீங்கள் ஏன் பழகேல்லை?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த வருடம் சித்திரை மாதக் குளிரில் இங்கிலாந்தின் சொலென்ட் நீரிணையில் ஐந்து நாள் டே ஸ்கிப்பர் என்கிற படகோட்டப் பயிற்சி எடுத்தேன். வானொலிக் கருவிக்கு ஒரு நாள் வகுப்பு. டே ஸ்கிப்பரை வைத்து ஐசிசி என்கிற சர்வதேசச் சான்றிதழும் எடுத்தேன். கிரேக்கத்தில் ஸ்கிப்பர் இல்லாமல் படகு எடுக்க அந்தச் சான்றிதழ் வேண்டும். கூட வருகிற இன்னொருவரும் தனக்குப் படகு வேலை தெரியும் என்று கையொப்பம் வைக்க வேண்டும். மனைவி அதற்காகவே தனியாக ஒரு பயிற்சி எடுத்தாள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேரே தனியாகப் போகவில்லை. 2019-ல் ஃப்ளொட்டில்லாவில் போனோம். நான் பார்த்த நான்கு வகையிலும், முதன்முறை தானாகப் படகோட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. பதினொரு படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். எல்லாருக்கும் முன்னால் ஒரு வழிகாட்டிப் படகு. அதில் ஒரு ஸ்கிப்பர், ஒரு எஞ்சின் திருத்துநர், சாப்பாட்டுக் கடைக்கும் துறைக்கும் ஒழுங்கு பார்க்கிற ஒரு பெண். காலை ஒன்பது மணிக்குத் துறைமேடையில் எல்லாரும் கூடுவோம். இன்று காற்று எப்படி, எங்கே பாறை, மாலை எங்கே சேர வேண்டும் என்று வரைபடம் விரித்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவரவர் பாடு. எந்தக் குடாவில் நின்று குளித்தாலும் சரி, மாலை ஐந்து மணிக்குள் குறிப்பிட்ட துறைக்கு வந்தால் போதும்.

அந்த ஐந்து மணிதான் முக்கியம். மத்தியதரைக் கடல் துறைகளில் பெரும்பாலும் படகைப் பக்கவாட்டில் கட்டுவதில்லை. பின்பக்கத்தைத் துறைமேடைக்குக் காட்டி நிறுத்த வேண்டும். மூன்று நான்கு படகு நீளம் தூரத்திலேயே முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வர வேண்டும். பின்னோக்கி ஓடும்போது பாய்ப்படகு முதலில் சுக்கானுக்குக் கட்டுப்படாது, வேகம் எடுத்த பிறகுதான் கேட்கும். இரண்டு பக்கமும் இலட்சக்கணக்கான பெறுமதியான படகுகள், நடுவில் உங்களுக்கு ஒரு சந்து. குறுக்குக் காற்று வேறு. சொலென்டில் இதை யாரும் எனக்குப் பழக்கவில்லை, அங்கே மிதவை மேடையில் பக்கவாட்டில்தான் கட்டுவார்கள்.

முதல் மாலை மெகனிசியில், வழிகாட்டிப் படகின் பையன் துறைமேடை விளிம்பில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். வலக்கை அசைந்தால் வலம். உள்ளங்கை என்னைப் பார்த்தால் நில். நான் அந்தக் கைகளை மட்டும் பார்த்துப் பின்னால் வந்தேன். முன்னால் மனைவி சங்கிலியை விட்டபடி "பத்து... பதினைஞ்சு... இருவது" என்று மீட்டரைக் கத்திச் சொன்னாள். மகள் கயிற்றை எறிந்தாள், அவன் பிடித்தான். படகு நின்றது. என் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. நான்காம் நாள் ஃபிஸ்கார்டோவில் அவன் கையைத் தூக்கவில்லை, கயிறு பிடிக்க மட்டும் நின்றான்.

ஃபிஸ்கார்டோ பற்றி ஒரு வார்த்தை. 1953-ல் வந்த நிலநடுக்கத்தில் கெஃபலோனியாத் தீவின் ஊர்களில் பெரும்பாலானவை இடிந்துபோயின. வடக்கு மூலையில் இருந்த இந்த ஊர் தப்பியது. அதனால்தான் துறையைச் சுற்றிப் பழைய வீடுகள் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. எல்லாருக்கும் அங்கே போக ஆசை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தனிப்படகுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஃப்ளொட்டில்லாவில் வழிகாட்டிப் படகு முன்னாலேயே போய் எல்லாருக்கும் இடம் ஒழுங்கு பண்ணி வைத்திருக்கும். காலையில் வெளிக்கிடும்போது பக்கத்துப் படகின் சங்கிலி எங்கள் நங்கூரத்தின் மேல் கிடந்தது. திருத்துநர் ரப்பர் வள்ளத்தில் வந்து, கொக்கிக் கயிற்றால் அதைத் தூக்கி விடுவித்தார். பத்து நிமிட வேலை. தனியாக இருந்திருந்தால் எனக்கு அரை நாள் போயிருக்கும்.

குறை இல்லாமலில்லை. வழி அவர்களுடையது. இதாகாவில் கியோனி என்கிற சின்ன ஊர் எங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய் இன்னொரு நாள் நிற்க ஆசைப்பட்டோம், முடியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அடிக்கடி எல்லாரும் ஒன்றாக ஒரே கடைக்குப் போவது. தனிமை தேடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. ஆனால் மகளுக்கு மூன்று படகுகளில் சிநேகிதிகள் கிடைத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அப்பா அம்மாவோடு மட்டும் ஒரு கிழமை படகில் வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ நல்லது.

கடைசியாக, 2023 செப்டம்பரில் பெயார்போட். படகு மட்டும்தான் வாடகைக்கு, மற்ற எல்லாம் நாங்களே. 36 அடி, மூன்று அறை, நாங்கள் மூன்று பேர். எங்களுக்கு வாடகை 2,100 யூரோ வந்தது. கூடவே 2,000 யூரோ பிணையாக அட்டையில் தடுத்து வைத்தார்கள். துப்புரவுக்கும் ரப்பர் வள்ளத்தின் மோட்டாருக்கும் தனிக் காசு.

படகை ஒப்படைத்தவர் அவசரத்தில் இருந்தார். அன்று சனிக்கிழமை, அவருக்கு இன்னும் ஆறு படகு இருந்தது. இருபது நிமிடத்தில் பட்டியலில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நங்கூரம் தூக்குகிற மோட்டாரின் பொத்தான் இடைக்கிடை வேலை செய்யவில்லை என்று சொன்னேன். அழுத்திப் பார்த்து, வேலை செய்கிறதே என்றார். அதன் மின்வெட்டி (சேர்க்கிட் பிரேக்கர்) எங்கே இருக்கிறது என்று அவர் காட்டவில்லை. நான் தேடினேன். 2017-ல் அந்தக் கிழவர், எந்தப் படகில் ஏறினாலும் முதலில் அதைத் தேடு, மோட்டார் திணறினால் அதுதான் விழும் என்று சொல்லித் தந்திருந்தார். பின் அறையில் கட்டிலுக்குக் கீழே, ஒரு பலகைக்குப் பின்னால் இருந்தது. மகளுக்குக் காட்டி வைத்தேன்.

ஐந்தாம் இரவு மெகனிசியின் வடக்குப் பக்கத்துக் குடா ஒன்றில் ஆறு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு, முப்பது மீட்டர் சங்கிலி விட்டிருந்தேன். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, கணக்குச் சரிதான். ஆனால் அடியில் கடற்புல். நங்கூரம் மணலைக் கடிப்பதுபோலப் புல்லைக் கடிக்காது. மாலையில் கண்ணாடி போட்டு இறங்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இரண்டே முக்காலுக்குத் தொலைபேசியில் வைத்திருந்த நங்கூர அலாரம் அடித்தது. தளத்துக்கு ஓடினால் தெற்கே மின்னல், காற்று அப்படியே திரும்பியிருக்கிறது, மழை பக்கவாட்டில் அடிக்கிறது. படகு மெல்ல மெல்லப் பாறைப் பக்கம் போகிறது. எஞ்சினைப் போட்டேன். மனைவி முன்னால் போய்ச் சங்கிலியைத் தூக்கத் தொடங்கினாள். பாதியில் மோட்டார் நின்றது. "மின்வெட்டி!" என்று கத்தினேன், மகள் அதற்கு முன்னமே கீழே ஓடியிருந்தாள். கட்டில் பலகையைத் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் ஓடியது.

இரண்டு தடவை போட்டுப் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை குடாவின் நடுவில், மணலில், நாற்பது மீட்டர் விட்டேன். பிடித்தது. மழை ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. மனைவியும் மகளும் உடுப்பு மாற்றிப் படுத்தார்கள். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்தளத்தில் இருந்து, கரையில் இரண்டு விளக்குகளைத் தெரிந்து வைத்து விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். விடியப்புறம் மகள் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தந்தாள். அந்தக் கிழமையில் பார்த்த தீவுகளையும் குளித்த குடாக்களையும்விட அந்தத் தேத்தண்ணி எனக்குப் பெரிதாக இருக்கிறது. அதே நேரம், படகில் அன்று அம்மா இருந்திருந்தால், ஆறு வயதுப் பிள்ளை இருந்திருந்தால், அந்த இரவை நினைக்கவே முடியவில்லை. அதனால்தான் மச்சானிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

படகைத் திருப்பிக் கொடுத்தபோது பின்பக்கத்தில் ஒரு கீறலைக் காட்டிப் பிணையில் கழிக்கப் பார்த்தார்கள். முதல் நாள் ஏறியவுடன் மகள் படகைச் சுற்றி எடுத்த காணொளியில் அந்தக் கீறல் தெளிவாகத் தெரிந்தது, திகதியும் நேரமும் இருந்தது. பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஒன்பது நாளில் பிணை முழுதும் விடுபட்டது. ஸ்கிப்பரோடு போனாலும் சரி, தனியாகப் போனாலும் சரி, அந்தக் காணொளியை எடுக்காமல் பட்டியலில் கையொப்பம் வைக்காதீர்கள்.

பணியாளர் எல்லாரோடும் முழுக் கப்பலை எடுக்கிற பெரிய வகையும் உண்டு. அதில் வாடகை போக, சாப்பாடு, டீசல், துறைக்கூலிக்கென்று வாடகையின் கால் பங்கு, சில வேளை மூன்றில் ஒரு பங்கு வரை முன்பணமாக வாங்குவார்கள். மிச்சம் வந்தால் திருப்பித் தருவார்கள். பணியாளர்களுக்கு அன்பளிப்பு அதற்கும் மேலே. நம் போன்ற குடும்பங்களின் கணக்குக்குள் அது வராது, விட்டுவிடுவோம்.

காசுக் கணக்கில் இன்னொன்று. ஒரு கிழமை என்பது ஏழு நாள் பயணம் இல்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் படகு கைக்கு வரும். சாமான் ஏற்றி முடிய இருட்டிவிடும், முதல் இரவு அங்கேயே. அடுத்த வெள்ளி மாலையே திரும்பி வந்து டீசல் நிரப்ப வரிசையில் நிற்க வேண்டும். சனி காலை ஒன்பதுக்குள் இறங்க வேண்டும். வெளியே தங்குவது ஐந்து இரவுதான். அதை விளங்கிக்கொள்ளாமல் எட்டுத் தீவு, பத்துத் தீவு என்று திட்டம் போடுகிறவர்கள் ஓடி ஓடியே களைத்துப் போவார்கள். நாங்கள் ஒரு நாளைக்கு 10 முதல் 20 கடல் மைலுக்கு மேல் போவதில்லை.

மச்சான் ஆசைப்பட்ட கட்டமரானுக்கு வருவோம். நம்முடைய கட்டுமரம் என்ற சொல்தான் உலகம் சுற்றி அந்தப் பெயராக இருக்கிறது. இது இரட்டை உடல் படகு. சரியாது. குசினி மேலேயே இருக்கும், சமைக்கிறவருக்குக் கடல் தெரியும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வசதி. ஆனால் அதே அளவு ஒற்றை உடல் படகைவிட வாடகை மிக அதிகம், இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். அகலம் கூட என்பதால் சின்னத் துறைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். காற்றை எதிர்த்து ஓடுவதிலும் ஒற்றை உடல் படகுதான் கெட்டி. எனக்குப் படகு சரிய வேண்டும், அதனால் நான் எடுக்க மாட்டேன். மச்சானுக்கு அது சரி. மாமிக்கு 74 வயது.

கடலையும் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். சன்டொரினி, மிகொனொஸ் பக்கம் ஏஜியன் கடலில் ஆடி, ஆவணியில் மெல்டெமி என்கிற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். சில நாளில் மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் போகும். படத்தில் அந்தக் காற்று தெரியாது. முதல் தடவை போகிறவர்களுக்கு அயோனியக் கடல்தான் என் சிபாரிசு, ஆனியிலோ செப்டம்பர் முற்பகுதியிலோ.

சமையல் பற்றி மனைவி எழுதச் சொன்னது: படகின் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 300 லீட்டர் அளவுதான். வீட்டில்போல அரிசியை மூன்று தரம் கழுவிக்கொண்டிருந்தால் மூன்றாம் நாளே குழாயில் காற்றுத்தான் வரும். ஒரு தரம் கழுவுங்கள். மிளகாய்த்தூளும் பருப்பும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். மரக்கறி, தயிர், பாண் எல்லாம் லெஃப்காடாவிலேயே நல்லதாக வாங்கலாம். கழிவறைக்குள் காகிதம் போடக்கூடாது என்பதை ஏறுகிற அன்றே வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். குழாய் மிக ஒடுக்கம், அடைத்தால் அந்தக் கிழமை முழுக்க எல்லாருக்கும் கஷ்டம்.

மச்சான் கடைசியில் கட்டமரானையே எடுத்தான், ஆனால் ஸ்கிப்பரோடு. நான்கு அறை எட்டுப் பேருக்கு. ஸ்கிப்பருக்கு முன்மூக்கில் தனியாக ஒரு படுக்கை இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு, இருக்கிறது என்று பதில் வந்த பிறகுதான் காசு கட்டினான். ஆனி இரண்டாம் கிழமை, லெஃப்காடாவிலிருந்து. கெட்டிப் பெட்டிகளை வைக்கப் படகில் இடம் இருக்காது, மடிக்கிற பையில் கொண்டுவரச் சொன்னேன். மாமியின் அறை பின்பக்கம் இருக்கட்டும், முன்பக்கத்தில் இரவு முழுக்கச் சங்கிலிச் சத்தம் கேட்கும் என்றேன்.

மாமி தொலைபேசியை வாங்கிக் கேட்டார்: "தம்பி, அதிலை பாய் விரிப்பினமோ, இல்லாட்டி மோட்டாரிலை கொண்டுபோவினமோ?"

"விரிப்பினம் மாமி," என்றேன். "பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு."